சுவரில் ஆணி அடிக்கக்கூடாத வீட்டில் ஒரு இறாக்கை

எங்கட பாத்ரூம் நாலரை அடி அகலம், ஆறடி நீளம். அதுக்குள்ள ஒரு கொமட், ஒரு பைப், ஒரு பக்கற், கதவுக்குப் பின்னால ஒரேயொரு ஆணி. பாவிக்கிறது நாலு பெண்கள். நாலு சவர்க்காரம், நாலு ஷாம்பு, நாலு பிரஷ், நாலு துவாய். இவை எதையும் வைக்க அந்த அறையில் இடம் இல்லை. வீட்டைக் கட்டினவருக்குக் குளிக்க வாறவை வெறுங்கையோட வருவினம் எண்டு ஒரு நினைப்பு இருந்திருக்க வேணும்.

ஆகவே திருநெல்வேலியில் இந்த அனெக்சுக்கு வந்த முதல் ஆறு மாதமும் நாங்கள் பையோடுதான் குளிக்கப் போனோம். பையை ஆணியில் கொழுவி, ஒவ்வொன்றாக எடுத்து, ஈரக்கையால் திருப்பி வைத்து, வெளியில் வந்து, ஈரப்பையைக் கட்டிலுக்குக் கீழே தள்ளுவது. அதைவிட இன்னொரு பை இருந்தது. கறுப்புப் பை. கடையில் நப்கின் வாங்கினால் பேப்பரில் சுற்றி, பிறகு அந்தக் கறுப்புப் பையில் போட்டுத்தான் தருவார்கள். வீட்டுக்கு வந்தும் நாங்கள் அதைப் பிரிக்கவில்லை. மாதத்தில் அஞ்சு நாள் ஒவ்வொருத்தியும் தன் கறுப்புப் பையைத் துவாய்க்குள் சுருட்டி, முற்றத்தில் அன்ரியின் மகன் நிற்கிறாரா என்று பார்த்துவிட்டுப் பாத்ரூமுக்கு நடப்பாள். எங்கட பாத்ரூம் வீட்டுக்கு வெளியில், விறாந்தையின் முடிவில் இருக்கிறது.

இதை ஒரு பெரிய கஷ்டம் என்று நாங்கள் சொல்ல வரவில்லை. எங்கட வீடுகளை நினைத்துப் பார்த்தால் பூட்டக்கூடிய கதவோடு ஒரு பாத்ரூம் என்பதே பெரிய விசயம். எங்களில் ஒருத்தி கிளிநொச்சி. 2009 இல் அவளுக்கு ஆறு வயது. செட்டிகுளம் மெனிக்பாமில் தறப்பாளுக்குள் இருந்த காலத்தில் அவளின் அம்மா இருட்டின பிறகுதான் உடுத்த உடுப்போடு குளிப்பாவாம். இன்னொருத்தி அட்டன் பக்கம், தோட்டத்து லயம். அங்கே குளியல் என்றால் பீலிக்கரை, எல்லாருக்கும் பொது. மூதூர்க்காரிக்குக் கிணத்தடியும் அதைச் சுத்திக் கிடுகு மறைப்பும். நெடுந்தீவுக்காரி தண்ணியை அளந்து வார்த்து வளர்ந்தவள். இந்த நாலு இடத்திலும் சவர்க்காரம் வைக்க ஒரு கல்லோ, கிணத்துக் கட்டோ போதும். மற்ற எதையும் அங்கே வைத்துவிட்டு வர முடியாது. கொண்டுபோவதும் கொண்டுவருவதும் ஒளிப்பதும் எங்களுக்கு அங்கேயே பழகிவிட்டது. பூட்டுள்ள கதவு கிடைத்த பிறகும் அந்தப் பழக்கம் மட்டும் எங்களோடு வந்திருந்தது.

ஒருநாள் அன்ரியிடம் கேட்டோம். "அன்ரி, பாத்ரூம் சுவரில ஒரு தட்டு அடிக்கலாமோ?"

"ஐயோ பிள்ளையள், வேண்டாம். ரைல்ஸ் வெடிச்சுப் போகும். வெடிச்சால் அதே நிறத்தில இப்ப எங்க தேடுறது?"

அன்ரி சொன்னதில் பிழை இல்லை. வாடகை வீட்டில் சுவர் எங்களுடையது அல்ல. சுவரைத் தொடாமல் தரையில் நிற்கிற ஒன்றுதான் வேண்டும். தச்சுவேலை செய்கிற ஒரு ஐயாவிடம் விசாரித்தோம். அவர் சொன்ன விலை எங்கள் ஒருத்தியின் ஒரு மாதச் சாப்பாட்டுக் காசைவிடக் கூட. கடையில் விற்கிற பிளாஸ்ரிக் தட்டுக்களையும் பார்த்தோம். எல்லாம் மூலைக்குள் பொருந்துகிற அளவை விட அகலம். கொமட்டுக்கும் சுவருக்கும் நடுவில் எங்களுக்கு இருந்தது 22 அங்குலம் மட்டும். கதவு உள்ளே திறப்பதால் முன்னுக்கு 8 அங்குலத்துக்கு மேல் வரவும் முடியாது.

"நாங்களே செய்வம்" என்றது அட்டன்காரி. அவள் நாடகமும் அரங்கியலும். மேடைக்குச் சட்டம் அடித்து, துணி கட்டி, பிறகு கழற்றி மூலையில் சாத்தி வைக்கிற வேலை அவளுக்குப் புதிதில்லை. "மேடையில ஆள் ஏறி நிக்கிறதுக்கே நாம பலகை அடிக்கிறோம். ஷாம்பு போத்தல் நிக்காதா?" என்று கேட்டாள். மற்ற மூன்று பேருக்கும் அதுவரை கையில் வாள் பிடித்த அனுபவம் இல்லை. எங்கட வீடுகளில் வாள், சுத்தியல் எல்லாம் அப்பாவின் அல்லது அண்ணாவின் சாமான். நாங்கள் தொட்டால் "கையை வெட்டிப் போடுவாய், வை" என்று வாங்கிவிடுவார்கள்.

முதலில் எந்த மரம் என்ற கேள்வி. யாழ்ப்பாணம் என்றால் பனை என்று நினைப்பீர்கள். பழைய வீடுகளின் கூரையைத் தாங்கி நிற்பது பனைதான். யுத்த காலத்தில் பங்கருக்குக் குத்தி அடுக்கியதும் அதே பனை. ஆனால் அதன் வெளிப்புறத்து வைரம் கறுப்புக் கம்பி மாதிரி. கைவாளின் பல்லைத் தின்றுவிடும். நடுப்பகுதியோ சோறு, ஒன்றுக்கும் உதவாது. சிப்போட் மலிவு. ஆனால் அது மரத்தூளைப் பசையால் ஒட்டின பலகை. ஓரம் ஒருமுறை ஈரம் குடித்தால் பாண் மாதிரி ஊதும், பிறகு திரும்பாது. பாத்ரூமுக்கு அது சரிவராது.

கடைசியில் நிற்கிற கால்களுக்கு வேம்பும், தட்டுக்களுக்குப் பழைய பலட் பலகையும் என்று முடிவெடுத்தோம். வேப்பமரத்தைப் பூச்சி லேசில் நாடாது. மரக்காலையில் இரண்டுக்கு ஒரு அங்குலச் சட்டமாக, அஞ்சடியில் நாலு துண்டு வாங்கினோம். சீவியும் தந்தார்கள். பலட் என்பது ரைல்ஸ், இயந்திரம் எல்லாம் கப்பலில் ஏற்றி வரும்போது அடியில் வைக்கிற மரத்தட்டு. இறக்கின பிறகு கடைக்குப் பின்னால் கிடந்து வெயிலில் காயும். கேட்டால் சொற்பக் காசுக்குத் தருவார்கள்.

பலட் எடுக்கப் போகிறவர்கள் ஒரு விசயத்தைக் கட்டாயம் பார்க்க வேண்டும். நாடு விட்டு நாடு போகிற பலட்டில் கோதுமைக் கதிர் படத்தோடு ஒரு முத்திரை சூடு போட்டோ மையாலோ குத்தியிருக்கும். மரத்தோடு பூச்சி பயணம் செய்யாமல் இருப்பதற்காக வந்த சர்வதேச விதி அது. முத்திரையில் 'எச்.ரி.' என்ற ஆங்கில எழுத்துக்கள் இருந்தால் வெப்பத்தால் பதனிட்டது என்று அர்த்தம். மரத்தின் நடுப்பகுதி வரை 56 பாகை செல்சியஸ் சூடு 30 நிமிடம் ஏறியிருக்க வேண்டும். 'எம்.பி.' என்று இருந்தால் மீதைல் புரோமைட் என்ற நச்சுவாயு அடித்த மரம். ஓசோன் படையையும் கெடுக்கிற வாயு அது. வீட்டுக்குள், அதுவும் தோல் படுகிற பொருள் வைக்கிற இடத்துக்கு, அந்த மரம் வேண்டாம். நாங்கள் 'எச்.ரி.' உள்ள ஒன்றைத் தேடி எடுத்து, ஓட்டோவின் பின்னால் கட்டிக்கொண்டு வந்தோம்.

ஹாட்வெயார் கடையில் ஸ்க்ரூ கேட்டபோது முதலாளி எங்களுக்குப் பின்னால் யாரும் வருகிறார்களா என்று எட்டிப் பார்த்தார்.

"தங்கச்சிமார், ஆருக்கு இது? வீட்டில ஆம்பிளையள் ஒருத்தரும் இல்லையோ?"

"பாத்ரூம் எங்கடதானே அண்ணை" என்றாள் நெடுந்தீவுக்காரி.

அவர் சிரித்துவிட்டார். அதுக்குப் பிறகு நல்ல மனிசன். சாதாரண இரும்பு ஸ்க்ரூவைத் திருப்பி வைத்துவிட்டு, துருப்பிடிக்காத எவர்சில்வர் ஸ்க்ரூவை எடுத்து எண்ணித் தந்தார். "விலை கூடத்தான். ஆனா பாத்ரூம் ஈரத்துக்கு இதுதான் நிண்டு பிடிக்கும்." ஒன்றரை அங்குலத்தில் 66. எங்கட கணக்கும் அதுதான்.

அந்தக் கணக்கை இங்கே எழுதிவிடுகிறோம், யாருக்காவது உதவும். தட்டு நாலு. ஒவ்வொரு தட்டுக்கும் 18 அங்குல நீளத்தில் இரண்டு பலகை, நடுவில் அரை அங்குல இடைவெளி. பலட் பலகை மூன்றரை அங்குல அகலம். ஆகவே தட்டின் ஆழம் ஏழரை அங்குலம். நாலடிப் பலகை ஒன்றில் இரண்டு துண்டு வெட்டினால் ஒரு அடி மிஞ்சும். அந்த மிச்சத்தை ஏழரை அங்குலமாக வெட்டினால் தட்டைத் தாங்குகிற தாங்கி. ஒரு தட்டுக்கு இரு பக்கமும் இரண்டு என்று எட்டுத் தாங்கி தேவை. நாலு மிச்சத்தில் நாலு, அஞ்சாவது பலகையில் நாலு. மொத்தம் அஞ்சு பலகையோடு தட்டு வேலை முடிந்தது. ஒரு பலட்டிலேயே அது கிடைத்துவிடும்.

பலட்டைக் கழற்றுவதுதான் பெரிய பாடு. ஆணியை நெம்பினால் பலகை பிளக்கிறது. அதனால் இரண்டு பலகைக்கு நடுவில் இரும்பு அறுக்கிற வாளின் அலகை விட்டு ஆணியையே அறுத்தோம். கை மாறி மாறி அரைநாள் போனது. அன்ரி விறாந்தையில் தேத்தண்ணியோடு வந்து நின்று, "இதென்ன பிள்ளையள், சோதினைக்குப் படிக்கேல்லையோ?" என்று கேட்டுவிட்டுப் போனா. கொஞ்ச நேரத்தால் பலகையை அழுத்திப் பிடிக்க ஒரு பழைய வாங்கை இழுத்துக்கொண்டு வந்து தந்ததும் அவதான்.

அடுத்தநாள் போயா லீவு. மூதூர்க்காரியின் வீட்டில் இருந்து போன் வந்தது. "என்ன சத்தம் அங்க?" "இறாக்கை செய்றம் அம்மா." "ஓடாவியக் கூப்பிடல்லயா?" "நாங்கதான் ஓடாவி." அந்தப் பக்கம் கொஞ்சநேரம் பேச்சில்லை. பிறகு அப்பா போனை வாங்கி, கழிவு ஒயில் பூசச் சொன்னார். கறையான் வராதாம். வேலிக் கதியாலுக்கு அது சரி, துவாய் வைக்கிற தட்டுக்கு மணம் தாங்காது என்று அவருக்கு விளங்கப்படுத்த பத்து நிமிடம் பிடித்தது.

செய்முறை இதுதான். இரண்டு காலைப் பக்கத்தில் பக்கத்தில் படுக்க வைத்து, தாங்கி வருகிற உயரங்களை ஒரே கோடாகக் குறித்தோம். தாங்கியை நிமிர்த்தி, கால்களின் உட்பக்கத்தில் வைத்து, ஒரு முனைக்கு இரண்டு ஸ்க்ரூ. இப்படி ஏணி மாதிரி இரண்டு பக்கம் வந்தது. அதன் மேல் தட்டுப் பலகை, ஒரு முனைக்கு இரண்டு ஸ்க்ரூ. ஸ்க்ரூ போகிற ஒவ்வொரு இடத்திலும் முதலில் அதை விட மெல்லிய ஊசியால் ட்ரில் பண்ண வேண்டும். நேரே முறுக்கினால் பலகையின் முனை வெடிக்கும். இடைவெளி விட்டதற்கும் காரணம் உண்டு. சொட்டுகிற தண்ணி தேங்காமல் இறங்கும். அதோடு மரம் ஈரம் குடித்தால் நீளவாக்கில் அவ்வளவாக வளராது, அகலவாக்கில்தான் வீங்கும். அதற்கும் இடம் வேண்டும்.

நாலு தட்டும் பூட்டி நிறுத்தினபோது அது வலமும் இடமும் ஆடியது. அட்டன்காரி அதை எதிர்பார்த்திருந்தாள். பின்பக்கத்தில் ஒரு மூலையில் இருந்து எதிர் மூலைக்குச் சாய்வாக மெல்லிய சட்டம் ஒன்று வைத்து, முனைக்கு ஒரு ஸ்க்ரூ முறுக்கினாள். ஆட்டம் நின்றது. "சதுரத்தத் தள்ளினா சாயும். முக்கோணத்தத் தள்ளிப் பாருங்க" என்றாள். ஒவ்வொருத்தியாகத் தள்ளிப் பார்த்தோம். அசையவில்லை. சும்மா தள்ளிக்கொண்டே நின்றோம், அவ்வளவு சந்தோசம்.

சாண்ட்பேப்பரால் தேய்த்து, மெல்லிசாக மூன்று தரம் வார்னிஷ். ஒவ்வொரு தரமும் காய்ந்த பிறகு லேசாகத் தேய்த்துவிட்டுத்தான் அடுத்தது. மரத்தை வெட்டின முனைகளுக்கு இன்னொரு தரம் கூடப் பூச வேண்டும், ஏனென்றால் மரம் தண்ணியை உறிஞ்சுவது அந்த முனையால்தான். கால்களின் அடிக்குக் கதிரைக்கால் ரப்பர் மாட்டினோம். பாத்ரூம் நிலம் தண்ணி ஓடச் சரிவாகப் போட்டது, அதனால் ஒரு காலுக்கு ரப்பருக்குள் இன்னொரு துண்டு வைத்து உயர்த்த வேண்டியிருந்தது. அஞ்சடி உயரம், ஏழரை அங்குல ஆழம் என்றால் முன்னுக்கு விழப் பார்க்கும். மேல் சட்டத்தை யன்னல் கம்பியோடு நைலோன் கயிற்றால் கட்டினோம். சுவரில் ஒரு ஓட்டையும் இல்லை.

அதுவரை எல்லாம் சுகமாக நடந்தது. எதை எங்கே வைப்பது என்று வந்தபோதுதான் வாக்குவாதம் தொடங்கியது.

கீழ்த்தட்டு கழுவுகிற சாமானுக்கு. அதுக்கு மேலே சவர்க்காரம், ஷாம்பு. மூன்றாவது பிரஷ், சீப்பு. மேல்தட்டுத்தான் தண்ணி தெறிக்காத இடம். துவாயும் நப்கினும் அங்கேதான் வைக்க வேண்டும். ஆனால் மேல்தட்டுக் கண்ணுக்கு நேரே இருந்தது.

"அண்ணன் வந்தா முகம் கழுவ இதுக்குள்ளதானே போவார்" என்றாள் மூதூர்க்காரி.

"போனா என்னா? அவரு மொகம் கழுவ வந்தாரா, நம்ம சாமான எண்ண வந்தாரா?"

"உனக்குச் சொல்ல லேசு. எனக்கு வெக்கமா இருக்கு."

யாரும் சிரிக்கவில்லை. வெட்கம் இருக்கிறதுதானே. கட்டுரையில் 'வெட்கப்படத் தேவையில்லை' என்று எழுதுவது சுகம், நாங்களும் எழுதியிருக்கிறோம். அதுக்காகச் சொந்த அண்ணன் முன்னால் அப்படியே ஆகிவிட முடியாது. அதே நேரம், இவ்வளவு பாடுபட்டு இறாக்கை செய்துவிட்டு கறுப்புப் பையைத் திரும்பவும் கட்டிலுக்குக் கீழே வைப்பதென்றால், பிறகு எதற்கு இந்த வேலை? சவர்க்காரம் வைக்கவா? இரண்டு இரவு இதே கதை. கிளிநொச்சிக்காரி அப்போது சொன்னாள்: "அம்மாவுக்கு அங்க முகாமில மறைக்கிறதுக்கு இடமில்லை. இஞ்ச எங்களுக்கு வைக்கிறதுக்கு இடமிருக்கு. மூடி வைக்கிறதா திறந்து வைக்கிறதா எண்டதை நாங்களே யோசிப்பம். ஆனா இஞ்சதான் வைக்க வேணும்."

நெடுந்தீவுக்காரி அந்த வாரம் வீட்டுக்குப் போய்வரும்போது பனையோலையில் பின்னின மூடல் பெட்டி ஒன்று கொண்டுவந்தாள். மேல்தட்டில் அளவாக இருந்தது. பாத்ரூம் ஈரக்காற்றுக்கு நப்கின் பைக்கற்றை உடைத்து வைத்தால் பதம் ஏறிவிடும், மூடி தேவைதான். அதனால் மூடினோம். மூதூர்க்காரிக்கும் அது சரியாக இருந்தது. நாலு பேரின் காசில் வாங்கி, ஒரே பெட்டியில் போட்டோம். கறுப்புப் பைகள் குப்பைக்குப் போயின.

அண்ணன் வந்தார். முகம் கழுவினார். தேத்தண்ணி குடித்தார். இறாக்கையை யார் செய்தது என்று கேட்டார், சொன்னோம், "உண்மையாவா?" என்று திரும்பப் போய்க் காலைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். பஸ்சுக்கு நேரமாகிவிட்டது என்று போனார். பெட்டியைப் பற்றி ஒன்றும் இல்லை. மூதூர்க்காரி அன்றைக்கு இரவு முழுக்கச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

எங்களுக்கு அதைவிடப் பெரிதாகப் பட்டது இன்னொன்று. முதலாம் வருசத் தங்கச்சி ஒருத்தி குறிப்பு வாங்க வந்தவள், பாத்ரூமுக்குப் போய் வந்தாள், போய்விட்டாள். அடுத்த கிழமை திரும்ப வந்தபோது பையில் இருந்து ஒரு நப்கினை எடுத்து, "அக்கா, அண்டைக்கு உங்கட பெட்டியில இருந்து ஒண்டு எடுத்தனான்" என்றாள். எங்களிடம் கேட்கவும் இல்லை, வந்து காதுக்குள் சொல்லவும் இல்லை. தேவைப்பட்டது, இருந்தது, எடுத்தாள். திருப்பித் தர வேண்டியதில்லை என்று சொன்னோம். இருந்தும் அவளே போய் வைத்துவிட்டு வந்தாள்.

எங்கட பக்கத்துத் தண்ணி சுண்ணாம்புத் தண்ணி. புவியியல் படிக்கிற கிளிநொச்சிக்காரி சொல்வது போல, யாழ்ப்பாணம் முழுக்கச் சுண்ணக்கல்லின் மேல்தான் இருக்கிறது, கிணத்துத் தண்ணியில் அது கரைந்து வருகிறது. ஷாம்புப் போத்தலின் அடியில் வெள்ளை வளையம் விழுகிறது. தட்டிலும் படிகிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் ஒருத்தி ஈரத்துணியால் துடைத்துவிடுவாள். வார்னிஷ் வருசத்துக்கு ஒருதரமாவது திரும்பப் பூச வேண்டிவரும். வேறு பராமரிப்பு இல்லை.

மூட்டுக்களுக்குப் பசை போடவில்லை. அது யோசித்துச் செய்தது. இந்த அனெக்ஸ் இறுதி வருசம் வரைதான். பிறகு நாலு பேரும் நாலு திசை. 66 ஸ்க்ரூவையும் கழற்றினால் இறாக்கை ஒரு கட்டு விறகு மாதிரி ஆகிவிடும், பஸ்சில் ஏற்றலாம். யார் கொண்டுபோவது என்று இப்போதே சண்டை நடக்கிறது. அட்டன்காரி தான் லயத்துக்குக் கொண்டுபோவேன் என்கிறாள். அங்கே தனிப் பாத்ரூம் இல்லையே என்று கேட்டோம். "வரும்தானே" என்றாள். அன்ரி வேறு, போகும்போது விட்டுவிட்டுப் போங்கோ, அடுத்து வாற பிள்ளையளுக்கு உதவும் என்கிறா. அன்ரி கேட்பதுதான் நியாயம் என்று எங்களில் மூன்று பேருக்குப் படுகிறது. ஆனால் ஸ்க்ரூட்ரைவர் இப்போதைக்கு அட்டன்காரியின் கையில்தான் இருக்கிறது.